மாரியும் மனையும்

ஒரு சமூகத்தின் நலத்தை அளந்தறிய விரும்புவோர் அதன் மேடைகளையும் ஊர்வலங்களையும் மாத்திரம் நோக்கினாற் போதாது. மாலை ஆறு மணிக்குப் பின்னர் அதன் வீடுகளுக்குள் நிகழ்வது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். மேடையில் முழங்கும் மொழி வீட்டிற் பேசப்படாதாயின் அம் மொழி நெடுநாள் வாழாது. வீதியில் நின்று கோரப்படும் நிலம் வீட்டாரின் கையாற் பேணப்படாதாயின், அந் நிலம் கைக்கு வந்தும் பயன் தராது. அரசியல் பேசும் ஏட்டில் அடுக்களையையும் திண்ணையையும் பற்றிய பேச்சு எதற்கு என வினவும் அன்பர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே: அடுக்களையும் திண்ணையும் பாழான பின்னர் அரசியல் பேசுவதற்கு ஆள் இருக்கலாம், பொருள் இராது.

ஆண்டின் மற்றைய மாதங்களை விட்டு மாரிகாலத்தைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம். யாழ்ப்பாணத்து வீடு வீடாக விளங்கிய காலம் மாரிகாலமே என்பதும், அந்தக் காலம் இன்று நம் கண்முன்னே கரைந்து போகின்றது என்பதுமே அதற்குக் காரணம்.

மழையும் கிணறும்

அச்சுவேலியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில், புத்தூரையும் ஆவரங்காலையும் கடந்து, வல்லைவெளியின் உப்புக்காற்று முகத்தில் அடிப்பதற்கு முன்னர் வரும் ஊர் அது. செம்மண் தோட்டமும், வெங்காயமும் புகையிலையும் வாழையும், தோட்டந்தோறும் ஒரு கிணறுமாக உழைப்பால் உயர்ந்த ஊர். அங்கே ஆறு இல்லை. குடாநாட்டில் எங்குமே வற்றாத ஆறு இல்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகின்றது. அந்த நீரை நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல் உறிஞ்சிச் சேமித்து வைக்கின்றது. கோடையில் துலாவாலும் இயந்திரத்தாலும் நாம் இறைத்த நீரெல்லாம் மாரியில் மண்ணுக்குள் இறங்கிய நீரே. மண் திறந்திருந்தால் மழை கிணற்றுக்குச் செல்லும். முற்றம் முழுவதும் சீமெந்து பூசி மூடிவிட்டால், அதே மழை வீதியில் வழிந்து, கடனீரேரியிற் கலந்து, உப்பாகிவிடும்.

வீட்டுக்கும் இவ்விதியே பொருந்தும். மாரிகாலத்து மாலைப் பொழுதுகளில் பிள்ளைகளின் நெஞ்சில் இறங்குவதையே அவர்கள் வாழ்நாள் முழுவதும் இறைத்துக் குடிக்கின்றார்கள். இறங்குவதற்கு இடமில்லாமல் அந்தப் பொழுதுகளை மூடிவிட்டோமாயின், பின்னர் கிணறு வற்றிற்று என்று அழுவதிற் பொருள் இல்லை.

மழை கூட்டிய சபை

தோட்டக்காரனுக்குக் கோடையில் ஓய்வில்லை. விடியுமுன் இறைப்பு, பகலிற் களை பிடுங்கல், மாலையில் மீண்டும் இறைப்பு. வீட்டில் அவன் உறங்குவான், அவ்வளவே. வாடைக்காற்று எழுந்து வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டாலோ, தந்தை வீட்டிலிருப்பார், தாய் வீட்டிலிருப்பாள், பாட்டன் பாட்டி வீட்டிலிருப்பர், பிள்ளைகளும் வீட்டிலிருப்பர். வேறு எந்த அதிகாரியாலும் கூட்ட முடியாத சபையை மழை கூட்டிற்று. மழை வருமுன்னர் செய்ய வேண்டுவன பல. கூரை மேய்தல், வேலி அடைத்தல், விறகு வெட்டி அடுக்குதல், பனம்விதைகளைப் பாத்தியில் இடுதல் எனக் குடும்பம் முழுவதுமே மாரியை எதிர்நோக்கி உழைத்தது. மழை வந்த பின்னர், அந்த உழைப்பின் நிழலில் அமர்ந்து, கையாற் செய்யும் சிறு வேலைகளிலும் வாயாற் பேசும் பெரு வேலைகளிலும் ஈடுபட்டது.

பெண்கள் சார்வோலையை வார்ந்து கடகமும் பெட்டியும் இழைத்தனர். பாய் பின்னினர். ஆண்கள் கயிறு திரித்தனர்; மண்வெட்டிக்குப் பிடி போட்டனர். பாட்டி புழுக்கொடியலை உடைத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிட்டாள். அடுக்களையில் ஒடியற்கூழ் கொதித்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந் தேத்தண்ணிக்கு ஈடான பானத்தை எந்த உணவுச்சாலையும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கார்த்திகை விளக்கீட்டன்று படலைக்கு முன் வாழைக்குற்றி நாட்டி விளக்கேற்றினர். அதனையடுத்து இருபத்தொரு நாட்கள் பிள்ளையார் பெருங்கதை படிக்கப்பட்டது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்து விடியற்பொழுதுகளிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர்கள் வீதிவலம் வந்தனர். கிறித்தவ இல்லங்களில் நத்தார்க் குடில் கட்டும் வேலையிற் சிறுவர்கள் மும்முரமாயிருந்தனர். தையிற் பொங்கல், அதற்குள் பாத்தியிலிருந்து கிழங்கு கிண்டியாயிற்று. இவ்வாறு மாரி ஒன்றன்பின் ஒன்றாகக் குடும்பத்தின் கையில் வேலைகளைக் கொடுத்தது.

இந்த வேலைகளோடு ஒட்டிய சொற்களை எண்ணிப் பாருங்கள். கடகம், உமல், குட்டான், நீத்துப்பெட்டி, சுளகு, திருகணை, தட்டுவம், ஈர்க்கு, கங்குமட்டை, வடலி, பன்னாடை, பினாட்டு. எந்தப் பள்ளியின் எந்த வகுப்பில் இச் சொற்கள் கற்பிக்கப்பட்டன? ஓலையைக் கையிலெடுத்த பிள்ளை சொல்லையும் கையிலெடுத்தது. இன்று அச்சுவேலியிலேயே பிறந்து வளரும் பிள்ளையிடம் இப் பன்னிரண்டு சொற்களுக்கும் பொருள் கேட்டால், எத்தனைக்கு விடை கிடைக்கும்? தமிழைக் காப்போம் என்று சுவரில் எழுதுவது எளிது. தமிழ் தங்கியிருக்கும் பொருள்களை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டு, தமிழை மாத்திரம் வைத்துக்கொள்வது யாங்ஙனம்?

பொழுதுபோக்கா, கல்வியா?

பொழுதுபோக்கு என்றாற் பொழுதை வீணே கழித்தல் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். பட்டம் கட்டிய சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். மூங்கிலை எவ்வளவு மெலிதாகச் சீவினால் வளையும், எவ்வளவு மெலிந்தால் முறியும் என்பதை அவன் அறிவான். இரு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும் என்பதையும், முச்சை ஒரு விரற்கடை பிசகினாற் பட்டம் குத்துக்கரணம் போடும் என்பதையும், வால் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையும் அவனுக்கு எவரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. கொக்கும் பிராந்தும் எட்டுமூலையும் அவன் கையில் உருவாயின. விண் பூட்டி வானில் ஏற்றிய பட்டம் இரவு முழுவதும் கூவிக்கொண்டு இராக்கொடியாக நின்றபோது, அவன் உறங்கப் போனது வெற்றி பெற்ற ஒரு பொறியியலாளனாகவே. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆண்டுதோறும் தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டியைக் காண இன்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரளுகின்றனர். அந்தப் பட்டங்களெல்லாம் மாரிகாலத்து வீட்டு விறாந்தைகளிற் பிறந்தவை.

படிப்பும் அவ்வாறே. அச்சுவேலி சிற்றூராயினும் அச்சுக்கூடம் கண்ட ஊர். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு இயங்கிய ஞானப்பிரகாச யந்திரசாலையின் பெயரைத் தாங்கிய தமிழ் நூல்கள் இன்றும் நூலகங்களில் உள. 1939 இல் இலண்டன் மாநகரிற் ‘போயற்றி இலண்டன்’ என்னும் ஆங்கிலக் கவிதை இதழைத் தொடங்கி, ஆங்கிலக் கவிஞர் பலருக்கு மேடை அமைத்துக் கொடுத்த தம்பிமுத்து, 1915 இல் அச்சுவேலியிற் பிறந்தவரே. உலகை நோக்கிச் சென்றவர்களும் ஏதோ ஒரு விளக்கடியிலிருந்துதான் புறப்பட்டார்கள். எழுத்தை மதிக்கும் வீடும், எழுத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பொழுதுமில்லாத ஊரிலிருந்து எழுத்தாளன் எழுவதில்லை.

பழமையின் குறைகள்

பழையன யாவும் பொன் என்று பாடுவது நமது நோக்கமன்று. மாரிகாலத்து அடுக்களையில் ஈரவிறகை ஊதி ஊதிக் கண் சிவந்தோர் நம் தாய்மார். கூரை ஒழுகிய இடங்களிற் சட்டி வைத்துவிட்டு, விடியும்வரை குழந்தையை மடியில் வைத்து விழித்திருந்த ஏழைக் குடும்பத்துக்கு மாரி ஓய்வாக அமையவில்லை. அது வேலையும் கூலியும் இல்லாத பட்டினிக் காலமாகவே இருந்தது. எல்லாவற்றிலும் மேலாக, நாம் புகழும் திண்ணையில் எல்லோரும் சமமாக அமரவில்லை. ஓலை வெட்டித் தந்தவனும் வேலி அடைத்துத் தந்தவனும் முற்றத்தில் நின்றே பேச வேண்டியிருந்தது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் உரிமை கோரி நிற்க வேண்டிய நிலை இருந்ததை வரலாறு மறக்கவில்லை.

ஆகவே பழைய வீட்டை அப்படியே திரும்பக் கொணர்வோம் என்று நாம் கேட்கவில்லை. குறையைக் களைவதற்காகக் கூரையையே பிடுங்குவாருமில்லை. அடுக்களைப் புகை பெண்ணுக்கு மட்டும் உரியதாயிருந்தது தவறு; அடுக்களையைச் சூழ்ந்து குடும்பம் அமர்ந்தது தவறன்று. திண்ணையிற் சிலருக்கு இடம் மறுத்தது கொடுமை. திண்ணை இருந்தது கொடுமையன்று. கொடுமையை நீக்கித் திண்ணையை அகலமாக்குவதே அறிவுடையோர் செயல்.

கூடு கலைந்த கதை

இந்தக் கூடு தானாகக் கலையவில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு ஓடி வந்தபோது, அயலிலுள்ள ஊர்களின் வீடுகள் ஒன்றுக்கு மூன்று குடும்பங்களைத் தாங்கின. அவ்வாண்டிலிருந்தே குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்தது. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு, மண்ணெண்ணெயைத் துளி துளியாக அளந்து, அந்த விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக இருந்து படித்தனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். வறுமையும் அச்சமும் சூழ்ந்த அந்த நாட்களிற்கூட ஒரு விளக்கும் ஒரு வட்டமும் இருந்தன.

1995 இல் மாரி தொடங்கும் வேளையிற் போர் அச்சுவேலி, புத்தூர்ப் பகுதிகளை எட்டியது. ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, இலட்சக்கணக்கான மக்கள் கொட்டும் மழையில், நாவற்குழிப் பாதையிலும் கைதடிப் பாதையிலும் அடி அடியாக நகர்ந்து தென்மராட்சிக்குச் சென்றனர். முதியோரைத் துவிச்சக்கர வண்டியில் இருத்தித் தள்ளிச் சென்றோரும், வழியிலேயே அவர்களை இழந்தோரும் உளர். அவ்வாண்டின் மாரியை அவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் மரநிழல்களிலும் கழித்தனர். அடுத்த ஆண்டு திரும்பி வந்தோர் கண்டது கூரையிழந்த சுவர்களையும், காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் அடிக்கட்டைகளையுமே. வலிகாமம் வடக்கிற் காணிகள் 2009 இற்குப் பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. திரும்ப முடியாதோர் இன்றும் உளர். மாரியில் ஒதுங்குவதற்குத் தன் கூரை வேண்டும் என்னும் கோரிக்கை ஆடம்பரமான அரசியற் கோரிக்கையன்று. மனிதனின் முதற் கோரிக்கை அது. வீட்டைப் பற்றிப் பேசினால் அரசியலை விட்டுவிட்டோம் என்பார் இதனைச் சிந்திக்கட்டும்.

போர் கலைத்தது ஒரு பாதி. எஞ்சிய பாதியை அமைதிக்காலத்தில் நாமே கலைத்துக்கொண்டிருக்கின்றோம். இதனைச் சொல்வதற்கு நமக்குத் துணிவு வேண்டும்.

இரண்டு குளிர்காலங்கள்

இன்றைய மாரி மாலையை நோக்குங்கள். மழை பெய்கின்றது. வீட்டில் மின்விளக்கு எரிகின்றது, கூரை ஒழுகவில்லை. தந்தை ஓர் அறையிற் கைப்பேசியை நோக்கிக்கொண்டிருக்கின்றார். தாய் தொலைக்காட்சித் தொடரின் முன் அமர்ந்திருக்கின்றாள். மூத்த பிள்ளை மழைச்சட்டையைப் போர்த்துக்கொண்டு, வெள்ளம் நிற்கும் ஒழுங்கையால், இருட்டிலே ரியூட்டரியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றது. இளைய பிள்ளைக்கு ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. அதற்கு ஒன்பது வயதுதான்; ஆனால் ஓய்வென்னும் சொல்லை அது அறியாது. பாட்டி கட்டிலில் இருந்தவாறே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். அவளிடம் நூறு கதைகள் உண்டு, கேட்பாரில்லை.

அடுத்த வீட்டில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைகள் இல்லை. முதியவர் இருவர், அல்லது ஒருவர். வீடு பெரிது, மாடியும் உண்டு, கனடாவிலிருந்து வந்த பணத்தால் எழுந்தது. மாலை ஆறரை மணிக்குக் கைப்பேசி ஒலிக்கின்றது. அப்பொழுது ரொறன்ரோவிற் காலை எட்டு மணி. திரையிற் பேரப்பிள்ளையின் முகம் தெரிகின்றது. “அம்மம்மா, எப்படி இருக்கிறீங்கள்?” என்னும் ஒரு வாக்கியத்துக்குப் பின்னர் பிள்ளைக்குத் தமிழ் தீர்ந்துபோகின்றது, அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தொடங்கவேயில்லை. இருவரும் சிரிக்கின்றனர். பின்னர் திரை இருளுகின்றது.

அந்த மறுமுனையையும் நாம் பரிவோடு நோக்குதல் வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் வாழும் புறநகர் வீடுகளின் குளிர்காலம் நமது மாரியைவிடக் கொடியது. அங்கே தை மாதத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். மாலை ஐந்து மணிக்கே இருள் கவிந்துவிடும். வாசலிற் குவிந்த பனியை வாரித் தள்ளினாலன்றி வண்டி நகராது. இரு வேலைகள் செய்யும் தந்தையும், இரவுவேலைக்குச் செல்லும் தாயும், ஊரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, சன்னலுக்கு வெளியே வெண்மையைத் தவிர வேறெதையும் காணாத பாட்டியும் அங்கே உளர். அந்நாட்டு நாடாளுமன்றம் 2016 ஒக்டோபரில் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தால், அங்கே யனவரி தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடப்படுகின்றது. அது பெருமைக்குரியதே. எனினும், மண்டபத்திற் கொண்டாடப்படும் மரபு வீட்டுக்குள் வாழாதாயின், அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளாகிவிடும்.

எனவே இரண்டு குளிர்காலங்கள் உள. ஒன்றில் நீர் விழுகின்றது. மற்றதிற் பனி விழுகின்றது. இரண்டிலும் ஒரே குடும்பம் இரு துண்டாக, ஒவ்வொரு துண்டும் தன் வீட்டுக்குள்ளேயே பல துண்டாக, தனித்தனியே அமர்ந்திருக்கின்றது. வறுமைக்காலத்தில் ஒரு விளக்கைச் சுற்றி எழுவர் இருந்தனர். இன்று நால்வருக்கு ஐந்து திரைகள்.

பெற்றோரின் அச்சம்

“கல்வியே நமது மூலதனம், அதனைக் குறைக்கச் சொல்கின்றீர்களா?” என்று பெற்றோர் கேட்பர். அவர்களின் அச்சம் காரணமற்றதன்று. 1970களின் தரப்படுத்தல், பல்கலைக்கழக வாயிலில் நின்ற நம் இளைஞர்களுக்கு இழைத்த அநீதி ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. ஒரு புள்ளி குறைந்தால் வாழ்வே குறைந்துவிடும் என்னும் நடுக்கம் அன்று தொட்டே நம் வீடுகளிற் குடிகொண்டது. காணியை இழந்தோம், வேலையை இழந்தோம், கல்வி ஒன்றே எஞ்சியது என்னும் எண்ணத்தை நாம் மதிக்கின்றோம்.

ஆயினும் சிந்திப்போம். காலை ஏழரை முதற் பகல் ஒன்றரை வரை பள்ளி. மாலை முழுவதும் வகுப்பு. சனி, ஞாயிறும் வகுப்பு. கேட்டதை அசைபோட ஒரு நாழிகையும் இல்லாத பிள்ளையின் தலை, நிரம்பி வழியும் வாளி போன்றது. மேலும் ஊற்றுவது நிலத்துக்கே போகும். மாரியில் மேலுமோர் இடர் உண்டு. வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள், அறுந்து தொங்கும் மின்கம்பிகள், டிசம்பரிலும் யனவரியிலும் பெருகும் டெங்குக் காய்ச்சல். 2008 இல் நிஷாப் புயலின் மழையும், 2020 இற் புரெவிப் புயலின் மழையும் குடாநாட்டை எவ்வாறு மூழ்கடித்தன என்பதை நாம் அறிவோம். 2024 நவம்பரில் நாடெங்கும் பெய்த பெருமழையால் உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. அரசாங்கப் பரீட்சையே மழைக்கு வழிவிடுமாயின், ரியூட்டரி வழிவிடலாகாதா?

இன்னொரு சான்றும் உண்டு. 2022 இற் பொருளாதாரம் சரிந்து, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, புழுக்கம் தாங்காது வீட்டார் அனைவரும் வெளியே வந்து அமர்ந்தனர். துன்பத்திலும் ஒரு புதுமை நிகழ்ந்தது: அவர்கள் பேசிக்கொண்டனர். அயலவரோடும் பேசிக்கொண்டனர். குடும்பம் கூடுவதற்கு நாடு திவாலாக வேண்டும் என்னும் நிலை நமக்கு வேண்டாம். நாமே மனமுவந்து கூடலாம்.

செய்ய வேண்டுவன

குறை கூறிவிட்டு அகல்வது பத்திரிகைக்கு அழகன்று. ஆதலின் சில வழிகளைப் பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் ஊர்ப்பெரியோர் முன்னும் வைக்கின்றோம்.

முதலாவது, கார்த்திகை விளக்கீடு முதல் தைப்பொங்கல் வரையாவது, மாலை ஆறு மணிக்குப் பின்னரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தனியார் வகுப்புகள் நடைபெறலாகாது. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஓர் ஊரின் பெற்றோர் ஒன்றுகூடி முடிவு செய்தாற் போதும். எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே ஓய்ந்தால், எந்தப் பிள்ளையும் பின்தங்காது. பரீட்சை நெருங்கிய பிள்ளைக்கு வேண்டுமாயின் விலக்கு அளிக்கலாம். விலக்கே விதியாகிவிடாது பார்த்துக்கொள்வது பெற்றோர் கடன்.

இரண்டாவது, அந்த மாலைகளில் ஒரு மணி நேரமாவது எல்லாத் திரைகளையும் அணைத்து வைத்து, வீட்டிலுள்ள முதியவரைச் சுற்றி அமர வேண்டும். முதியவர் இல்லாத வீடு, தனித்து வாழும் அயல்வீட்டு முதியவரை அழைக்க வேண்டும். ஒவ்வொரு மாரியிலும் ஒரு பிள்ளை ஒரு கைவேலையைக் கற்றுத் தேற வேண்டும். ஆண்பிள்ளை பெட்டி இழைக்கட்டும். பெண்பிள்ளை பட்டம் கட்டட்டும். அடுக்களை வேலையைத் தாயின் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டுக் குடும்ப ஒற்றுமை பேசுவோர், முதலிற் சட்டி கழுவிவிட்டுப் பேச வரட்டும்.

மூன்றாவது, சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் மாரி மாலைகளிற் பூட்டிக்கிடத்தலாகாது. பத்திரிகை விரிக்கும் மேசை ஒருபுறமும், ஓலையும் மூங்கிலும் மறுபுறமுமாக அவை இயங்கட்டும். அங்கே பழைய திண்ணையின் குறை நுழையலாகாது. எந்தக் குடியிற் பிறந்த பிள்ளைக்கும் அங்கே முன்வரிசையில் இடம் உண்டு. கைவேலையை வாழையடி வாழையாகக் காத்தோரையே அங்கே ஆசிரியராக அமர்த்தி, உரிய ஊதியமும் மதிப்பும் அளித்தல் வேண்டும். தாழ்ந்த தொழில் என்று நாம் ஒதுக்கிய வேலையை இன்று நகரங்களிற் கலைப்பொருள் என்று விலை கொடுத்து வாங்குகின்றனர். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. சபை தன் கடமையைச் செய்யட்டும். வீடும் தன் கடமையைச் செய்யட்டும்.

நான்காவது, ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் பத்துப் பனம்விதையாவது நாட்ட வேண்டும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதா என்று நகைப்பார் உளர். நகைக்கட்டும். தாம் உண்ணாத நுங்குக்கு மரம் நாட்டிய முன்னோரின் நுங்கையே நாம் உண்டோம். முற்றத்தைச் சீமெந்தால் மூடாது, மழை இறங்க இடம் விடுவோம். குளங்களைத் தூர்வாருவதும் வாய்க்கால்களைத் திறப்பதும் பிரதேச சபையின் பொறுப்பு. சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கிய நீரைக் கவிழ்ப்பது வீட்டாரின் பொறுப்பு.

ஐந்தாவது, புலம்பெயர்ந்த உறவினருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பெரும்பாலும் ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருகின்றீர்கள். பிள்ளைகளின் விடுமுறை அப்பொழுது என்பதை அறிவோம். ஆயினும் ஒருமுறையேனும் மார்கழியில் வாருங்கள். உங்கள் பிள்ளைகள் மழையில் நனையட்டும். பாத்தியிற் கிழங்கு கிண்டட்டும். அம்மம்மாவின் மடியிலிருந்து விண் கூவுவதைக் கேட்கட்டும். வர முடியாதோர் திரையிலேனும் அந்த மாலை ஆறரை மணியை வெறும் நலம் விசாரிப்போடு முடிக்கலாகாது. அம்மம்மா ஓலையை மடிக்கட்டும். பேரப்பிள்ளை அங்கே கடதாசியை மடிக்கட்டும். சொல் ஒன்று, மடிப்பு ஒன்று என்று நாளும் கற்றால், ஒரு குளிர்காலம் முடிவதற்குள் ஒரு பெட்டியும் ஒரு மொழியும் உருவாகிவிடும். நீங்கள் அனுப்பிய பணம் மாடி கட்டிற்று. நீங்கள் செலவிடும் பொழுதே அந்த மாடியை வீடாக்கும்.

இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை; அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டுவதில்லை. நமது காணியையும் மொழியையும் உரிமையையும் பிறர் தரவேண்டும் என்று கேட்பது போன்றதன்று இது. நமது மாலைப் பொழுது நம் கையிலேயே இருக்கின்றது. கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்கும் வலிமை, கையிலுள்ளதைக் காக்கத் தெரிந்தவனுக்கே உண்டு. வாடைக்காற்று ஆண்டுதோறும் தவறாது வரும். அது வரும்போது நம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யாரோடு இருப்பார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் இந்த மாரி தொடங்குமுன்னரே தீர்மானிக்கட்டும்.